“இயற்கை மரணம்” என்னும் சொல்: சிறையாளரின் நோயும் திருச்சபையின் வாசிப்பும்

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் நியாயத்தீர்ப்புக் காட்சி, நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் பகுதிகளுள் ஒன்று. பசித்தோர், தாகமுற்றோர், அந்நியர், ஆடையற்றோர், நோயுற்றோர், சிறைப்பட்டோர் என்னும் ஆறு வகையினரை அரசர் அங்குத் தம் சகோதரர் என உரிமை பாராட்டுகிறார். நாமோ அந்த ஆறையும் ஆறு துறைகளாக வகுத்து, ஒவ்வொரு துறைக்கும் ஒரு குழுவை அமைத்து, ஆண்டறிக்கையில் ஒவ்வொன்றிற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறோம். மருத்துவமனை ஊழியம் ஒன்று. சிறை ஊழியம் வேறொன்று. முன்னதில் நோயாளிக்காக ஜெபிக்கிறோம். பின்னதில் பாட்டுப் பாடி, நற்செய்திப் பிரதிகளும் கிறிஸ்துமஸ் நாளில் கேக்கும் துண்டும் சோப்பும் வழங்கித் திரும்புகிறோம்.

ஆனால் நோயுற்றவரும் சிறைப்பட்டவரும் ஒரே ஆளாக இருந்தால் அவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர்? இக்கேள்விக்கு நம் நடைமுறையில் விடை இல்லை. மருத்துவமனை ஊழியர் சிறைவாயிலுக்குள் செல்வதில்லை. சிறை ஊழியர் மருந்தைப்பற்றிக் கேட்பதில்லை. திருமறைப் பகுதியைத் துண்டுகளாக வாசித்ததன் பயனாக, அதன் நடுவில் நின்ற மனிதர் நம் பார்வையினின்று நழுவிவிட்டார். இக்கட்டுரை அந்த வாசிப்பைத் திறனாய்வுக்கு உட்படுத்துகிறது.

1. ஒரு சொல் மறைப்பது

இந்தியச் சிறைகளைப்பற்றித் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பில் சிறை மரணங்கள் இரு பெரும் பிரிவுகளாகத் தரப்படுகின்றன: இயற்கை மரணம், இயற்கைக்கு மாறான மரணம். 2019-ஆம் ஆண்டில் சிறைகளில் இறந்தோர் 1,775 பேர். அவர்களுள் 1,544 பேர் “இயற்கை” என்னும் பிரிவில் அடங்குவர். தற்கொலை, கொலை, விபத்து போன்றவை மற்றப் பிரிவுக்குச் செல்லும். இருதய நோயால் இறந்தவர், காசநோயால் இறந்தவர், முதுமையால் இறந்தவர் ஆகிய யாவரும் இயற்கையின் கணக்கில் எழுதப்படுகின்றனர்.

இப்பிரிவினையை உச்ச நீதிமன்றமே வினவியிருக்கிறது. முன்னாள் தலைமை நீதிபதி ஆர். சி. லகோட்டி 2013-இல் எழுதிய கடிதத்தை அடியாகக்கொண்டு, 1,382 சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலைபற்றி அந்நீதிமன்றம் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. 2017 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பில், இவ்விரு பிரிவுகளுக்குமிடையேயான வேறுபாடு யாது என ஆவணக் காப்பகம் தெளிவுபடுத்த வேண்டுமெனப் பணித்தது. தக்க மருத்துவம் தக்க வேளையில் கிட்டாமையால் ஒருவர் இறப்பாராயின் அதனை எப்பிரிவில் எழுதுவது என்பதே அங்கு எழுந்த ஐயம்.

இது கணக்கெழுதுவோரின் ஐயம் மட்டுமன்று. இறையியலின் ஐயமும் ஆகும். வெளியே இருப்பவருக்கு நெஞ்சு வலித்தால் அவர் எழுந்து நடக்கலாம். அண்டை வீட்டாரைக் கூவி அழைக்கலாம். ஒரு மருத்துவர் கைவிரித்தால் இன்னொருவரிடம் செல்லலாம். சிறையிலிருப்பவரின் கால்களை அரசு எடுத்துக்கொண்டது. கால்களை எடுத்துக்கொண்ட கை, அக்கால்கள் செய்திருக்கக்கூடிய யாவற்றிற்கும் பொறுப்பேற்றாக வேண்டும். ஆகவே பூட்டிய அறைக்குள் நிகழும் நோய்ச்சாவில், எவ்வளவு நோயின் பங்கு, எவ்வளவு பூட்டின் பங்கு என்பதை விசாரியாமல் “இயற்கை” என்று எழுதுவது, படைத்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டு மனிதர் கைகழுவுவதாகும்.

2. செஞ்சியின் கிணறும் எரேமியாவின் துரவும்

செஞ்சிக் கோட்டையைக் கண்டவர்கள் அங்கே “கைதிகள் கிணறு” எனக் காட்டப்படும் பாறையை அறிவர். உள்ளே இயல்பாகவே குடைவான ஒரு பெரும் பாறை. அதன்மேல் வட்டமாகக் கட்டிய தாழ்ந்த செங்கற் சுவர். மரண தண்டனை பெற்றோரை அதற்குள் தள்ளி, பட்டினியால் மடியவிடுவர் என்பது அவ்வூர் வழிவழிச் செய்தி. அச்செய்தி மெய்யோ புனைவோ, அதன் உட்பொருள் நோக்கத்தக்கது. அங்கே வாள் இல்லை; கயிறு இல்லை; கொலைஞனும் இல்லை. உள்ளே விழுந்தவனைக் கொன்றது பசியே. இன்றைய படிவத்தில் எழுதினால் அதுவும் இயற்கை மரணமாகிவிடக்கூடும்.

எரேமியா தீர்க்கதரிசி மல்கியாவின் துரவில் கயிறுகளால் இறக்கப்பட்டதும் இத்தகைய செயலே. பிரபுக்கள் தம் கையில் இரத்தம் படாமல் அவரைச் சாகவிட எண்ணினர். எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்கு மட்டுமே அச்செயலை அதன் உண்மைப் பெயரால் அழைத்தான். அவன் ராஜாவிடம் சென்று, இது பொல்லாப்பு, அம்மனிதர் பசியினாலே சாவார் என்று வாதாடினான். முப்பது பேரை உடனழைத்துச் சென்றான். பழங்கந்தைகளைக் கொடுத்து, கயிறு அறுக்காதபடி அவற்றை அக்குள்களில் வைத்துக்கொள்ளச் சொன்னான். நம் விளக்கவுரைகள் அவனது இரக்கத்தைப் போற்றுகின்றன. அவன் அரசவாயிலில் செய்த முறையீட்டை விரைவாகக் கடந்துவிடுகின்றன. கந்தைத் துணியும் முறையீடும் அவனிடத்தில் பிரியாதிருந்தன என்பதே இங்கு நாம் கற்கவேண்டியது.

செஞ்சியை அடுத்த தொண்டூரின் பாறைகளில் சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. சமணர் போற்றிய நால்வகைத் தானங்களாவன உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. அஞ்சினவனுக்கு அபயமும் நோயுற்றவனுக்கு மருந்தும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை எண்ணத்தக்கது. மணிமேகலைக் காப்பியத்திலோ சோழ மன்னனின் சிறைக்கோட்டமே அறக்கோட்டமாக மாறுவதற்கு ஒரு காதை முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. சிறையாளரின் உடலைப் பேணுதல் மேனாட்டிலிருந்து வந்த புதுக்கருத்து எனக் கூறுவோர் நம் மண்ணின் இச்சான்றுகளை மறந்தவராவர்.

3. நான்கு கூறுகள்

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நம் சிறைகளின் மருத்துவத்தை அளப்பதற்கு இதனினும் எளிய அளவுகோல் வேண்டுவதில்லை.

முதலாவது, நோயுற்றவர். மருத்துவத்தின் தொடக்கம் நோயாளியின் சொல்லை நம்புதல். சிறையில் அச்சொல் முதலில் சென்று சேர்வது காவலரிடம், பின்னர் சிறை அலுவலரிடம், அதன்பின்னரே மருத்துவரிடம். ஒவ்வொரு படியிலும், இவன் நடிக்கிறானோ என்னும் ஐயம் காத்து நிற்கிறது.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் ஆதிவாசிகளிடையே பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி 2020 அக்டோபர் 8 அன்று கைதுசெய்யப்பட்டு, நவி மும்பையின் தலோஜா மத்திய சிறையில் வைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயால் குவளையைக் கையில் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சுகுழலும் அதற்கேற்ற குவளையும் வேண்டி நவம்பரில் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். மறுமொழி கூற அரசுத் தரப்பு இருபது நாள் அவகாசம் கேட்டது. சில ரூபாய் பெறும் ஒரு பொருள் வழக்குப்பொருளாயிற்று. தாகமுற்றவர், நோயுற்றவர், சிறைப்பட்டவர் என்னும் மூன்று பெயர்களும் அவர் ஒருவர்மேல் ஒருங்கே பொருந்தின.

இரண்டாவது, நோய் தீர்ப்பவர். 2019 முடிவில் நாட்டின் சிறைகளுக்கென அனுமதிக்கப்பட்ட மருத்துவப் பணியிடங்கள் 3,320; நிரப்பப்பட்டிருந்தவை 1,962. பத்து நாற்காலிகளில் நான்கு வெறுமை. அவ்வாண்டின் முடிவில் சிறையிலிருந்தோர் 4,78,600 பேர். இருக்கும் மருத்துவரின் நிலையும் எளிதன்று. அவர் நோயாளிக்கும் கடமைப்பட்டவர். சிறை நிர்வாகத்தோடும் ஒத்துப்போக வேண்டியவர். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற மண்டேலா விதிகள் இதனை உணர்ந்தே, மருத்துவ முடிவுகளை மருத்துவப் பொறுப்புள்ளோரே எடுக்கவேண்டும், மருத்துவரல்லாத சிறை அலுவலர் அவற்றை மாற்றலாகாது என வரையறுத்தன. நார்வே 1988-லும், இங்கிலாந்து 2006-லும் சிறை மருத்துவத்தைச் சிறைத்துறையினின்று பிரித்துப் பொதுச் சுகாதார அமைப்பின் பொறுப்பில் வைத்தன. மருத்துவரின் மேலதிகாரியும் மருத்துவத் துறையினராக இருப்பதே இம்மாற்றத்தின் பயன்.

மருத்துவரின் கையெழுத்து நோயாளிக்கு எதிராகவும் வேலை செய்யக்கூடும் என்பதை 2020 ஜூனில் சாத்தான்குளம் காட்டிற்று. வணிகர்களான ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு அவர்கள் கொடுமையாகத் தாக்கப்பட்டனர் என மத்தியப் புலனாய்வுத் துறை பின்னர்க் குற்றம் சாட்டியது. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடற்தகுதிச் சான்று பெறப்பட்டது. நடுவர் காவலில் வைக்க ஆணையிட்டார். தொலைவிலுள்ள கோவில்பட்டிக் கிளைச்சிறை அவர்களை ஏற்றுக்கொண்டது. 22-ஆம் நாள் இரவில் மகனும், 23-ஆம் நாள் காலையில் தந்தையும் இறந்தனர். மருத்துவர், நடுவர், சிறை அலுவலர் ஆகிய மூவரில் எவரேனும் ஒருவர் நின்று நிதானித்து அவ்வுடல்களைப் பார்த்திருந்தால், அந்தப் பயணம் அங்கேயே தடைப்பட்டிருக்கும். கைதானவரை மருத்துவரிடம் காட்டவேண்டுமெனச் சட்டம் விதித்தது இதற்காகவே. சடங்காகிவிட்ட பாதுகாப்பு, பாதுகாப்பின்மையினும் கேடானது. ஏனெனில் அது தீங்கிற்கு முத்திரை குத்திக் கொடுக்கிறது.

மூன்றாவது, மருந்து; அதாவது பணம். 2019-20 நிதியாண்டில் சிறைவாசிகளுக்கென நாடு முழுவதும் செலவான தொகை 2,060.96 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழப் பாதி உணவுக்குச் சென்றது. மருத்துவத்துக்குச் சென்றது 89.48 கோடி, நூற்றுக்கு 4.3 பங்கு. இதனைச் சிறையிலிருந்தோர் தொகையால் வகுத்தால், தலைக்கு ஆண்டொன்றுக்கு 1,870 ரூபாய் அளவில் வரும். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய். அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவோரின் சிகிச்சைச் செலவு பெரும்பாலும் சுகாதாரத் துறையின் கணக்கில் அடங்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சிறைக்குள்ளேயே தீர்த்திருக்கவேண்டிய காய்ச்சல், சொறி, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மனநோய் ஆகியவற்றுக்கு இந்த ஐந்து ரூபாய் எவ்வளவு தாங்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். உள்ளே தீர்க்காத நோய் முற்றியபின் வெளியே அனுப்பப்படும்போது, வாகனமும் வழிக்காவலும் வார்டுக் காவலும் சேர்ந்து செலவைப் பன்மடங்காக்குகின்றன. சிக்கனம் எனத் தோன்றுவது உண்மையில் ஊதாரித்தனம்.

நான்காவது, அருகிருந்து பேணுபவர். சிறையாளரை வெளி மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வழிக்காவலர் வேண்டும். திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என ஏதேனும் ஒன்று வந்தால் காவலர் கிடைப்பதரிது. மருத்துவர் குறித்த நாள் கடந்துபோகும். அடுத்த நாள் சில வாரங்களுக்கு அப்பால் இருக்கும். மருத்துவமனை சேர்ந்த பின்னும் கட்டிலோடு விலங்கிடும் வழக்கம் இருந்தது. அசாமில் மருத்துவமனைக் கட்டில்களில் காவற்கைதிகள் இவ்வாறு பிணைக்கப்பட்டிருந்ததைக் கண்டு ஒரு பத்திரிகையாளர் எழுதிய கடிதத்தின்மீது, 1995-இல் உச்ச நீதிமன்றம் அதனைக் கண்டித்து, நீதிமன்ற அனுமதியின்றி விலங்கிடலாகாது என ஆணையிட்டது.

தலோஜாவில் ஸ்டான் சுவாமிக்கு உணவூட்டவும், குளிப்பாட்டவும், துணி துவைக்கவும் உதவியவர்கள் உடன் கைதிகளே. அதனை அவரே நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் நன்றியுடன் குறித்தார். மத்தேயு 25-இன் காட்சியில் வலதுபக்கம் நிற்போருள் அக்கைதிகளும் இருப்பர் என நம்ப இடமுண்டு. மும்பை உயர் நீதிமன்றம் 2021 மே 28 அன்று அவரைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற அனுமதித்தபோது, செலவை அவர் தரப்பே ஏற்பதாக இருந்தது. அவருக்கு ஒரு சபை இருந்தது, நண்பர் இருந்தனர், திறமையான வழக்கறிஞர் இருந்தனர். அவ்வளவும் இருந்தும், பிணை மனு நிலுவையிலிருக்க, ஜூலை 5 அன்று அவர் இறந்தார். இவற்றுள் ஒன்றும் இல்லாத ஏழைக் கைதியின் கதை எவர் காதிலும் விழுவதில்லை.

4. ஓர் எதிர்ப்பும் அதற்கு மறுப்பும்

நேர்மையாக உழைத்துண்ணும் ஏழைக்கே நல்ல மருத்துவம் கிட்டவில்லை. குற்றம் செய்தவனுக்கு அதனை அரசு செலவில் வழங்குவது நீதியோ? நம் சபை மக்கள் கேட்கும் இக்கேள்வியை இகழ்ந்து தள்ளுதல் தகாது. அதில் ஓர் ஏழையின் மெய்யான வலி இருக்கிறது.

இதற்கு மூன்று விடைகள் உண்டு. ஒன்று: சிறையிலிருப்போர் யாவரும் குற்றவாளிகள் என்பது தவறான அனுமானம். 2022 முடிவில் இந்தியச் சிறைகளிலிருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் குற்றமற்றோர். இரண்டு: குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவருக்கும் நீதிபதி விதித்தது சிறைவாசமே, காசநோயையோ கண்ணிழப்பையோ எந்தத் தீர்ப்பும் விதிப்பதில்லை. சுப்பிரமணிய சிவாவுக்கு ஆங்கிலேய நீதிமன்றம் விதித்தது சிறைத்தண்டனை. 1912-இல் அவர் வெளிவந்தபோது உடலில் தொழுநோயைச் சுமந்து வந்தார். அந்நோயையே காரணம் காட்டி, பின்னர் அவர் இரயிலில் செல்வதும் தடுக்கப்பட்டது. 1925-இல் இறக்கும்வரை அத்தண்டனை நீடித்தது. அதனை எழுதிய நீதிபதி எவருமில்லை. மூன்று: ஏழைக்குக் கிட்டாமை ஒரு குறை, அக்குறையைச் சிறைக்கும் அளவுகோலாக்குவது இரட்டைக் குறை. வெளியிலுள்ள ஏழைக்கு அரசு மருத்துவமனை எவ்வளவு கடமைப்பட்டதோ அதே தரத்தில், கட்டணமின்றி, வேறுபாடின்றிச் சிறையாளருக்கும் கடமைப்பட்டது என்பதே மண்டேலா விதிகளின் நிலை. அதற்கு மேலான சலுகை எதுவும் இங்குக் கோரப்படவில்லை.

மேலும் நோய்க்கு மதிற்சுவர் தெரியாது. 2022-இல் சிறைகள் தம் கொள்ளளவில் நூற்றுக்கு 131 பங்கு நிரம்பியிருந்தன. நெருக்கமான கூடங்களில் பரவும் காசநோய், விடுதலையாகும் கைதியோடும் பணி முடித்துச் செல்லும் காவலரோடும் நம் தெருக்களுக்கே வருகிறது.

5. திருச்சபையின் கடன்

இங்கிலாந்தில் ஜான் ஹோவார்டு 1773-இல் பெட்ஃபோர்டு மாவட்டத்தின் ஷெரீப் பதவியேற்றபின் சிறைகளைப் பார்வையிடத் தொடங்கினார். விடுதலையானவர்களும் சிறைக்காவலருக்குரிய கட்டணத்தைச் செலுத்த வகையின்றி உள்ளேயே கிடந்ததைக் கண்டார். அவர் ஆழ்ந்த பக்தியுள்ள விசுவாசி. எனினும் அவர் சிறைகளுக்குள் கொண்டுசென்றது ஓர் அளவுகோலும் குறிப்பேடும். அறையின் நீள அகலம், சன்னலின் அளவு, அப்பத்தின் எடை, தண்ணீரின் தூரம், மருத்துவர் வருகிறாரா இல்லையா என யாவற்றையும் எழுதினார். 1774-இல் நாடாளுமன்றம் இயற்றிய இரு சட்டங்கள் அக்கட்டணக் கொடுமையையும் சிறைச் சுகாதாரத்தையும் பற்றியவை. 1777-இல் அவர் குறிப்புகள் நூலாயின. 1790-இல் கெர்சன் நகரில், நோயாளியொருவரைக் காணச் சென்று தொற்றிய காய்ச்சலால் இறந்தார் எனக் கூறப்படுகிறது. எண்ணிப் பார்ப்பதும் ஒரு பக்திச்செயல் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. நம் சிறை ஊழியத்தில் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, குறிப்பேடு இல்லை.

குறிப்பேட்டில் எழுதவேண்டிய கேள்விகள் கடினமானவையல்ல. இச்சிறைக்கு மருத்துவர் உண்டா, எத்தனை நாட்களுக்கொருமுறை வருகிறார்? புதிதாக வருவோர் மெய்யாகவே பரிசோதிக்கப்படுகின்றனரா? வெளி மருத்துவமனைக்கு எழுதப்பட்டோருள் எத்தனை பேர் குறித்த நாளில் சென்றனர்? வெளியில் உட்கொண்டிருந்த மருந்து உள்ளே தொடர்கிறதா? ஆங்கிலேயர் இயற்றிய 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ நோயாளருக்கேற்ற இடமோ வேண்டுமென்றது. 1996-இல் ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளின் முதன்மைச் சிக்கல்களாக எண்ணிய ஒன்பதில் உடல்நலப் புறக்கணிப்பும் ஒன்று. ஆகவே இவற்றைக் கேட்பவர் சலுகை கேட்பவரல்லர். உள்ள சட்டத்தை நினைவூட்டுபவர். அரசு சாராப் பார்வையாளர்களை நியமிக்கும் ஏற்பாடும் சிறை விதிகளில் உண்டு. அப்பொறுப்புக்கு நம் ஆயர்களும் செவிலியரும் ஓய்வுபெற்ற மருத்துவரும் முன்வரலாம். கேள்வி கேட்டால் உள்ளே நுழையும் அனுமதி போய்விடுமோ என்னும் அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. அது ஆதாரமற்ற அச்சமுமன்று. ஆனால் கேள்வி கேளாமையை விலையாகக் கொடுத்து வாங்கிய அனுமதியைக்கொண்டு நாம் யாருக்கு ஊழியம் செய்கிறோம் என்பதை ஆராய்ந்தாக வேண்டும்.

இன்னொரு கடன் நம் ஆலயங்களுக்குள்ளேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் வசனத்தைக் கேட்ட அந்த இராத்திரியிலேயே பவுல், சீலா ஆகியோரின் காயங்களைக் கழுவினான். அதன்பின்னரே ஞானஸ்நானம் பெற்றான். காயம்பட்டவர்களைத் தொழுமரத்தில் மாட்டி உட்காவலறையில் அடைத்தவனும் அவனே. மனந்திரும்புதலின் முதற்கனி அவனிடத்தில் ஒரு மருத்துவச் செயலாக வெளிப்பட்டது. அதுவும் அவனது உத்தியோகத்துக்குள்ளேயே வெளிப்பட்டது. நம் சபைகளில் காவலர் இருக்கின்றனர். சிறைக் காவலரும் மருந்தாளுநரும் இருக்கின்றனர். அரசு மருத்துவரும் நீதித்துறையினரும் இருக்கின்றனர். சான்றிதழில் கையெழுத்திடும் கைகள் ஞாயிறுதோறும் நம்மிடம் நற்கருணை வாங்க நீளும் கைகளாகவும் இருக்கலாம். அவர்களுக்குச் சிறை ஊழியம் வாரத்தில் ஒருநாள் மாலை வேலையன்று. அவர்களது அன்றாடக் கடமையே அது. உடலைப் பாராமல் தகுதிச் சான்று எழுதுவது பாவம் என்று நாம் பீடத்திலிருந்து சொன்னதுண்டா? குடிப்பதும் சூதாடுவதும் பாவமெனச் சொல்லத் தயங்காத நாம், இதனைச் சொல்லத் தயங்குவதேன்?

இறையியல் கல்லூரிகளும் இதில் விலக்கல்ல. மாணவர்களை மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறோம், சிறைக்கும் அனுப்புகிறோம். இரு பயிற்சிகளின் அறிக்கைகளையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கும் வகுப்பு ஒன்று வேண்டும். அவ்வாறு வாசித்தால், நியாயத்தீர்ப்பின் அரசர் ஆறு ஆட்களைப்பற்றிப் பேசவில்லை, தம் ஒருவரைப்பற்றியே ஆறுமுறை பேசினார் என்பது மாணவர்க்கு விளங்கும். அவர் பசித்துச் சிறையிலிருக்கிறார், தாகித்துச் சிறையிலிருக்கிறார், நோயுற்றுச் சிறையிலிருக்கிறார். அவர் இறந்தபின் பதிவேட்டில் “இயற்கை” என எழுதுவதற்கு முன்னர், அங்கே ஒருமுறையேனும் நின்று ஏன் எனக் கேட்பதே நமக்கு இடப்பட்டுள்ள பணி.